கொட்டகைப் பேச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(சினிமா அரங்குகளின் உள்வேலையை முப்பது ஆண்டுகளாக எடுத்துச் செய்துவரும் கோபிக்காரர் பதிலளிக்கிறார்)

ஐயா, தாத்தா கட்டிய 700 இருக்கைத் தியேட்டரை இரண்டு திரைகளாகப் பிரிக்கப்போகிறோம். உள்ளே சுவர், கூரை எல்லாம் தங்க நிற வேலைப்பாடு வேண்டும் என்கிறார் அப்பா. ஒரு நடைவழியை எடுத்துவிட்டால் 40 இருக்கைகள் கூடுமாம். உங்கள் யோசனை என்ன?
*— வாசகர், காங்கேயம்*

தம்பி, அப்பாவின் தங்கத்தை டிக்கெட் கவுண்டர் இருக்கும் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே வந்தால் அது எதிரி. திரையில் பட்ட வெளிச்சம் திரும்பிச் சுவர்மேல் விழும். சுவர் பளபளத்தால் அது மறுபடியும் திரைக்கே போய், கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தைச் சாம்பலாக்கிவிடும். படம் வெளிறித் தெரிந்தால் எல்லோரும் புரொஜக்டரைத் திட்டுகிறார்கள். நான் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். திரையை ஒட்டிய பகுதிக்கு மினுக்கமில்லாத கறுப்பு, பின்னால் போகப் போக அடர் சாம்பலோ கருஞ்சிவப்போ போதும். முன்வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையோடு உட்காரும் நம் ஊர்ப் பெரியவர்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

மிச்சமாகும் பணத்தை இரண்டு அரங்குகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் போடுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் போதும் என்பார் மேஸ்திரி. பேச்சை நிறுத்த அது போதும். தாழ்ந்த ஒலியை எழுப்பும் சப்வூஃபர் ஸ்பீக்கரின் அதிர்வுக்குப் போதாது. ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவர்கள் வேண்டும். நடுவே இடைவெளி விட்டு அதில் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) வைக்க வேண்டும். ‘தொடாத’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் எடுத்த ஒரு வேலையில் எல்லாவற்றையும் முறையாகச் செய்தும், அந்தப் பக்கத்துச் சண்டை இந்தப் பக்கத்துத் தாலாட்டுக்குள் புகுந்தது. மூன்று நாள் சுவரில் காதை வைத்துத் தேடினேன். வயரிங் செய்தவர் இரண்டு சுவர்களையும் ஒன்றாகத் துளைத்து ஒரே இரும்புக் குழாயை விட்டுச் சிமென்ட் பூசியிருந்தார். அதை நடுவில் அறுத்து, வளைகிற குழாயால் இணைத்த பிறகுதான் திரையில் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

தரையையும் மாற்றுங்கள். பின்னால் இருப்பவரின் பார்வை முன்னால் இருப்பவரின் தலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தாண்டிப் போனால்தான் திரை முழுதும் தெரியும். தாத்தா காலத்துச் சரிவுத் தரையில் அது நடக்காது. வரிசைக்கு வரிசை படியாக ஏற வேண்டும்.

நடைவழியைத் தொடாதீர்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். தீப்பிடித்தது கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில். புகையில் சிக்கியவர்கள் மேலே பால்கனியில் இருந்தவர்கள். அங்கே கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு பக்க வழியை அடைத்திருந்தார்கள். உங்கள் கடிதத்தில் அந்த நாற்பதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் ஜமக்காளத் தறி இருக்கிறது. தியேட்டர் சுவரில் ஜமக்காளம் மாட்டினால் எதிரொலி குறையுமா?
*— வாசகி, பவானி*

குறையும் அம்மணி, ஆனால் பாதிதான். மெல்லிய துணி ‘ச’, ‘ஸ்’ போன்ற கூர்மையான ஒலிகளைத்தான் விழுங்கும். தவில் ஒலி அதைச் சட்டை செய்யாது. துணியை மட்டும் நம்பிச் சுவர் முழுக்க மூடினால், அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசியது போல் வசனம் கேட்கும். சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளிச் சட்டம் அடித்து, உள்ளே கண்ணாடி நாரோ பொள்ளாச்சித் தென்னை நாரோ அடர்த்தியாக வைத்து, அதன்மேல் உங்கள் ஜமக்காளத்தை இழுத்துக் கட்டினால் தாழ்ந்த ஒலியும் ஓரளவு அடங்கும். பருத்தியும் தென்னை நாரும் தீயைச் சட்டென்று பிடிப்பவை. தீத்தடுப்புப் பூச்சு இல்லாமல் மாட்டவே கூடாது.

மெத்தையும் துணியும் எதிரொலியை எவ்வளவு குறைக்கும் என்ற கணக்கை முதலில் போட்டவர் அமெரிக்காவின் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி எத்தனை நொடியில் அடங்குகிறது என்று இரவு இரவாக அளந்தார். இன்றைக்கும் அதே சூத்திரத்தை வைத்துத்தான் நாங்கள் மெத்தை போடுகிறோம்.

நம் பக்கத்து டூரிங் கொட்டகைகளுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. மேலே கீற்று, கீழே மணல். இரண்டும் ஒலியைக் குடித்துவிடும். சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியபோதும் படம் ஊமையாகத்தான் ஓடியது. 1931இல் தமிழ்ப் படம் வாய் திறந்தது. சுவர்களும் கூடவே பேசத் தொடங்கின.

எந்த வரிசையில் உட்கார்வது நல்லது?
*— வாசகர், திருப்பூர்*

நடுவில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி. கடைசி வரிசை வேண்டாம். பின்சுவரின் ஒலி முதுகில் இடிக்கும்.

திரையைத் தொட்டுப் பார்த்தேன். தியேட்டர்காரர் சத்தம் போட்டார். அதில் குட்டிக் குட்டி ஓட்டைகள் இருந்தன. கிழிந்த திரையா?
*— ஏழாம் வகுப்பு மாணவி, சத்தியமங்கலம்*

கிழியவில்லை கண்ணு, வேண்டுமென்றே போட்ட ஓட்டைகள். ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் நிற்கின்றன. அந்த ஓட்டைகள் வழியாகச் சத்தம் வருவதால்தான் கதாநாயகி பேசுவது அவள் வாயிலிருந்தே வருவது போல் இருக்கிறது. உன் இருக்கையிலிருந்து பார்த்தால் ஓட்டை தெரியாது. விரல் எண்ணெய் பட்டால் மட்டும் அந்த இடம் கறையாக நின்றுவிடும், அதுவும் முப்பரிமாணப் படத்துக்கான வெள்ளித் திரை என்றால் லேசில் போகாது. அவர் சத்தம் போட்டது அதற்குத்தான். அடுத்த முறை அவரிடமே கேள், பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுவார்.