நாடகத்திலிருந்து வந்த பழைய குடும்பப் படங்களில் எல்லாமே ஏன் ஒரே கூடத்தில் நடக்கின்றன?

மேடையில் ஓடிய நாடகத்தைத் திரைக்கதையாக்கி எடுப்பதுதான் நாடகத் தழுவல் படம். சுந்தரம் எழுதி, சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய 'வியட்நாம் வீடு' 1970-இல் பி. மாதவன் இயக்கத்தில் படமானது நல்ல உதாரணம்.

காரணம் மேடையின் வசதிதான். நாடகக் குழு ஊர் ஊராகப் போகும்போது தட்டிகளையும் திரைகளையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். காட்சிக்கு ஒரு இடம் என்று மாற்றினால் கட்டுபடியாகாது. அதனால் கதையை ஒரு கூடத்தில் நிறுத்திவிட்டு, எல்லோரையும் அங்கே வரவழைப்பார்கள். வெளியில் நடந்ததை யாராவது ஓடிவந்து சொல்வார்கள்.

கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். வாசலிலிருந்து கொல்லைக்குப் போகிறவர் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கோபித்துக்கொண்ட மருமகளும் சரி, கடன் கேட்க வந்தவரும் சரி, அங்கே எதிர்ப்பட்டே ஆக வேண்டும். கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்! 'வியட்நாம் வீடு' படத்தின் நாயகன் பிரஸ்டீஜ் பத்மநாபன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் அவர் மதிப்பு இறங்குவது நமக்கு அவ்வளவு உறைப்பதற்கு, அவர் அதட்டி ஆண்ட அதே வீட்டுக்குள் அது நடப்பதும் ஒரு காரணம். எனக்கு அந்தப் படத்தில் மிகப் பெரிய பலமே இதுதான்.

அப்புறம், இந்தப் படங்கள் கேமராவை வைத்து நாடகத்தை அப்படியே பிடித்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கடைசி வரிசைக்காரருக்குத் தெரியாத கண்ணோரத்து ஈரத்தைக் குளோசப்பில் காட்டியது சினிமாதான்.