புது ஆல்டர்னேட்டர் போட்டும் 12.4 வோல்ட்தானா?

பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் மாற்றியும் வண்டி ஓடும்போது பேட்டரியில் 12.4 வோல்ட்தான் என்கிறீர்கள்; அதாவது சார்ஜ் ஏறவில்லை. சரி, பெல்ட் வழுக்கவில்லை என்றால், இனி எதையும் வாங்காதீர்கள் நண்பரே.

இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டில் 14 வோல்ட் இருந்தால் கோளாறு அங்கிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில்தான். அந்த போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. அப்புறம் ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். பழைய கார்களில் இந்த மைனஸ் பக்க எர்த் ஒயர்தான் அதிகம் ஏமாற்றும்: உறை நன்றாக இருக்கும், உரித்தால் உள்ளே செம்பு அரித்துப் பச்சைப் பொடி.

போல்ட்டிலேயே 14 இல்லையா? சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எரிகிறதா பாருங்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகும்; பல்பு போயிருந்தால் சார்ஜ் தொடங்காமல் போகலாம்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்க மட்டும் விடாதீர்கள், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போய்விடலாம்.