எட்டாம் வகுப்பு முடிவதற்குள் உங்கள் மகள் தானே செய்து பழக வேண்டியவை

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளை இப்போதே நீட் அடிப்படைப் பயிற்சியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்ற கேள்வி எழ இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பின் பாடச்சுமை தொடங்குவதற்கு முன் மிஞ்சியிருக்கும் மாதங்களில், தன் காரியங்களைத் தானே செய்துகொள்ள அவளைப் பழக்குங்கள் என்பதே என் பதில்.

முதலில் அஞ்சலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளை அங்கே தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையாளலாம். 500 ரூபாய் இருந்தால் போதும். படிவத்தை நீங்கள் நிரப்பித் தர வேண்டாம். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் அவள் தடுமாறட்டும். பணம் எடுக்கும் நாளில் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால், மறுபடி வரிசையில் நின்று எழுத்தரிடம் தன் வாயால் விவரம் கேட்கட்டும். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு சந்தேகம் வந்தவுடன் அப்பாவின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை, மிக நல்ல மதிப்பெண் பெற்றவர்களிலும், நான் தொடர்ந்து காண்கிறேன். அவர்களை யாரும் கேட்டுப் பழக விடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அவள் படிப்பது அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ என்றால், குடும்பத்தின் ஆண்டு வருமானமும் 3,50,000 ரூபாய்க்கு மிகாதிருந்தால், தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வை இந்த ஆண்டே எழுதட்டும். தேர்வு பெறுவோருக்கு 9 முதல் 12 ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போகும்போது அவளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளிப் பதிவேட்டில் வேறு விதமாகவும் தலைப்பெழுத்து இருக்கிறதா என்பதை அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிழை இருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் ஏறுவதற்கு முன்பே திருத்திவிடலாம்.

தனியாகப் பேருந்தில் சென்று வருவதும், ஒரு வேளைச் சமையலை முழுதாகச் செய்வதும் இந்த வயதுக்கு உரியவையே. மகனாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

மருத்துவம் அவளுடைய விருப்பமா, உங்களுடைய விருப்பமா என்பது உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. உறவினரில் செவிலியரோ ஆய்வக நுட்பநரோ இருந்தால், விடுமுறையில் அவரோடு உட்கார்ந்து அவருடைய ஒரு நாள் வேலை எப்படிப் போகிறது என்று விரிவாகக் கேட்கச் சொல்லுங்கள். நில அளவையரிடமும் மின்பணியாளரிடமும்கூட அவள் இப்படிக் கேட்கலாம்.

பயிற்சி மையத்துக்கு இப்போது முன்பணம் கட்ட வேண்டாம். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவளோடு வாருங்கள்; எந்தப் பிரிவை எடுப்பது என்பதைப் பற்றி அவளிடமே பேசுகிறேன்.