காசிமேட்டு அக்காவுக்கு, மகள் கேட்கும் படிப்பைப் பற்றி

அன்புள்ள அக்கா,

போன வாரம் தண்டையார்பேட்டையில் என்னைப் பார்க்க வந்தபோது, "ஆடு, கோழி, மீன் எதுவும் இல்லாம புரோட்டீன் செய்யறதுக்கு ஒரு படிப்பாம் சார், இவ அதுதான் வேணுங்கறா" என்றீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டீர்கள்: "மீன் வித்துத்தான் இவளைப் படிக்க வெச்சேன். நாளைக்கு மீனே வேணாம்னு ஆயிடுமா?" நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் சொல்லும் பொருளை நீங்கள் பல தடவை சமைத்திருப்பீர்கள். மீல் மேக்கர்தான் அது. சோயாவில் எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் பாதிக்குப் பாதி புரதம். அந்த மாவை எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் தண்ணீரோடு பிசைந்து, சூடேற்றி, அழுத்தித் தள்ளுவார்கள். நம் முறுக்கு அச்சு மாதிரிதான், ஆனால் உள்ளே கொதிநிலைக்கு மேல் சூடு. அச்சை விட்டு வெளியே வந்ததும் உள்ளிருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகும், உருண்டை உப்பிக்கொள்ளும். அதே இயந்திரத்தின் முனையில் நீளமான குளிரூட்டும் அச்சைப் பொருத்தி, ஈரத்தையும் கூட்டினால், உப்பாமல் நார் நாராக, கறி போலவே வரும். உலகம் முழுக்க 'செடிக் கறி' என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் செய்ததுதான்.

சோயா மட்டும் இல்லை. பட்டாணிப் புரதத்தைத் தனியே பிரித்து ஹெல்த் டிரிங்க், பிஸ்கட், ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்கள். பாசிப்பயறுப் புரதம் சூட்டில் முட்டை போல இறுகுவதால் அதில் ஆம்லெட் மாவு வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஒரு வகைப் பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து 1985 முதல் உணவாக விற்கிறார்கள். சீஸ் செய்யப் பாலைத் திரிக்கும் நொதியை ஒரு காலத்தில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். 1990 இல் அமெரிக்கா அனுமதித்த பிறகு அதையும் நுண்ணுயிர்களை வைத்தே செய்கிறார்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். மீனின் செல்லை ஆய்வகத்தில் வளர்த்து மீன்கறி உருவாக்கும் வேலையைக் கொச்சியில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 2024 இல் ஒரு சிறு நிறுவனத்தோடு சேர்ந்து கையில் எடுத்தது. வஞ்சிரம், வவ்வால் போன்ற விலை உயர்ந்த மீன்கள்தான் அவர்கள் குறி. சிங்கப்பூர் 2020 டிசம்பரிலேயே ஆய்வகக் கோழிக்கறியை விற்க அனுமதித்துவிட்டது. ஆனாலும் செல் வளர்க்கும் செலவு இன்னும் சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகும் நிலைக்கு இறங்கவில்லை. காலையில் ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டுவரும் மீனை அது இப்போதைக்கு ஒன்றும் செய்யாது என்பது என் கணிப்பு. அதோடு, மீன் வெட்டிய பிறகு தலை, எலும்பு, தோல் என்று ஒதுக்குவதிலிருந்தும் புரதத்தைப் பிரிக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. மீனைத் தொட்டுப் பார்த்தே நல்லது கெட்டது தெரிந்துகொள்ளும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இந்தத் துறை அந்நியமானதே இல்லை.

இனி என் கவலையைச் சொல்கிறேன். மகள் கொண்டுவந்த நோட்டீஸில் ஒரு தனியார் கல்லூரி கறி, மீன் இல்லாத இந்தப் புரதத்தை மட்டும் பெயரில் வைத்து ஒரு படிப்பு போட்டிருந்தது. அதில் சேர்க்காதீர்கள். இந்தத் தொழில் ஏறி இறங்குவது. செடிக் கறி விற்கும் அமெரிக்க நிறுவனமான பியாண்ட் மீட்டின் பங்கு 2019 மே மாதம் 25 டாலருக்குச் சந்தைக்கு வந்து, ஜூலையில் 230 டாலரைத் தாண்டியது. 2024 முடிவில் 10 டாலருக்கும் கீழே கிடந்தது. இங்கே 2024 ஆகஸ்டில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பயோஇ3 என்ற உயிரித் தொழில்நுட்பக் கொள்கையில் இந்த மாதிரி மாற்றுப் புரதமும் இருக்கிறது என்பது நல்ல சேதிதான். ஆனால் பட்டம் அகலமாக இருக்கட்டும். உணவுத் தொழில்நுட்பம் படித்தால் இந்தத் துறை சரிந்தாலும் பால், பிஸ்கட், மசாலா, மீன் ஏற்றுமதி என்று எங்கேயும் போகலாம்.

அதில் எந்த வேலை என்று கேட்டால், நான் தரப் பரிசோதனை ஆய்வகத்தைத்தான் சொல்வேன். ஒரு உணவில் எவ்வளவு புரதம் என்று கண்டுபிடிக்க, அதை கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குவது பழைய முறை. 2008 இல் சீனாவில் இதையே ஏமாற்றினார்கள். தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைப் போட்டால் கருவி புரதம் என்றே காட்டும். குழந்தைகளுக்கான பால்பவுடரில் அது போய், ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தே போனார்கள். புதிது புதிதாகப் புரதங்கள் வரும் காலத்தில், கருவி காட்டும் அளவை மட்டும் நம்பாமல் சந்தேகப்பட்டுச் சோதிக்கிற ஒருத்தி ஆய்வகத்தில் இருக்க வேண்டும். உங்கள் மகள் அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் அவளுக்கு அந்தக் குணம் இருக்கிறது.

எங்கே படிப்பது? மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தை வெறும் மாட்டு டாக்டர் படிப்பு என்றே நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். அதன் உணவு, பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி செங்குன்றம் தாண்டி கொடுவள்ளியில் இருக்கிறது. அங்கே பி.டெக் உணவுத் தொழில்நுட்பம் உண்டு. பொறியியல் கலந்தாய்வுக்குப் போடும் விண்ணப்பம் இதற்குச் செல்லாது, தனியாகப் போட வேண்டும். இதைத் தெரியாமல் வருஷத்தைத் தவறவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் கல்லூரியிலும் இதே பட்டம் உண்டு, அதற்குப் பொறியியல் கலந்தாய்வுதான். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஜே.இ.இ. எழுத வேண்டும்.

பணத்துக்கு நகையை அடகு வைக்கும் பேச்சே வேண்டாம் அக்கா. ஆறாம் வகுப்பு முதல் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள் என்றீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். ஏலம் முடிந்து எந்நேரம் வந்தாலும் சரி, இருப்பேன்.