வீட்டில் ரெக்கார்ட் செய்தால் எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் ஏன் இவ்வளவு மோசமாகக் கேட்கிறது?

அறையில் கேட்டால் அருமை, மைக் வைத்துப் பதிந்தால் தகர டப்பாவுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். ஆம்ப் மீது தப்பில்லை. எனக்கும் மூன்று வருடம் இதே கதைதான், அதற்குள் இரண்டு பெடல் வாங்கி ஒரு ஆம்பையும் மாற்றித் தொலைத்தேன், சத்தம் மட்டும் மாறவில்லை.

நீங்கள் எங்கே நின்று கேட்கிறீர்கள் என்று பாருங்கள். ஆம்ப் தரையில், நீங்கள் நின்றபடி வாசிக்கிறீர்கள், ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்கு நேராக இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கரில் ட்ரெபிள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர் முன்னால்தான் குறுகிப் பாயும், பக்கத்திலும் மேலேயும் மங்கிவிடும். அந்தக் கூர்மை காதுக்கு எட்டாததால் ட்ரெபிளை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிவிடுகிறீர்கள். மைக்கோ ஸ்பீக்கரின் வாயிலேயே உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது. அதனால் ஆம்பை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, வால்யூமைக் குறைத்து (காது முக்கியம்), அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து டோனை அமையுங்கள். தரையை விட்டு ஏறினாலே பேஸ் குழப்பமும் கொஞ்சம் தெளியும்.

அப்புறம் கெயின், அதாவது ஒலியை எவ்வளவு கரகரப்பாக்குவது (டிஸ்டார்ஷன்) என்று கூட்டிக் குறைக்கும் குமிழ். தனியாக வாசிக்கும்போது சுகமாக இருக்கும் டிஸ்டார்ஷன் பதிவில் எப்போதும் அதிகம்தான், பிக் தந்தியில் படும் அந்த 'டக்' அதில் மூழ்கிவிடும். வழக்கமாக வைப்பதில் பாதி வையுங்கள். கனம் வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடது கடைசியிலும் இன்னொன்றை வலது கடைசியிலும் போடுங்கள். ஒரே டிராக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் ஒட்டினால் ஒன்றும் விரியாது, நடுவில் சத்தம்தான் கூடும். இரண்டு வாசிப்புக்கும் நடுவே இருக்கும் சின்னச் சின்னப் பிசகுதான் அந்த அகலத்தைத் தருகிறது.

மைக்குக்குப் பெரிய செலவு வேண்டாம். ஷூர் எஸ்எம்57, 1965இல் வந்தது, இன்றும் ஸ்டூடியோக்களில் ஆம்ப் முன்னால் அதுதான் நிற்கிறது. வேறு டைனமிக் மைக் கையில் இருந்தாலும் சரி. டார்ச் அடித்தால் முன்துணி வழியே ஸ்பீக்கரின் நடுவில் ஒரு சின்ன மூடி தெரியும். நடு மையத்தில் ஒலி கூர்மை, ஓரத்துக்குப் போகப் போக மந்தம். அந்த மூடியின் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஆரம்பியுங்கள். ஒட்டி வைத்தால் பேஸ் ஏறும், தள்ளினால் இறங்கும், கூடவே அறையும் உள்ளே வரும். 20 வினாடி பதியுங்கள், மைக்கை 1 செ.மீ. நகர்த்துங்கள், மறுபடி பதியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஈக்யூவில் (பேஸ், ட்ரெபிளைப் பிறகு கூட்டிக் குறைக்கும் கருவி) ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட அந்த 1 செ.மீ. அதிகம் கொடுக்கும். ஒப்பிடும்போது எல்லா டேக்கின் வால்யூமையும் சமமாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தமானதுதான் நல்லதாகத் தோன்றும். இரண்டாவது மைக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள், இரண்டு மைக்கின் ஒலி அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும் ஃபேஸ் சண்டையில் மாட்டுவீர்கள். பதிவின் லெவல் உச்சத்தில் மைனஸ் 10 டெசிபல் பக்கம் வந்தால் போதும்.

இரைச்சலா? சிங்கிள் காயில் கிட்டார் (பிக்கப்பில் ஒரே கம்பிச்சுருள், மின் இரைச்சலை எளிதில் பிடிக்கும்) என்றால் முதலில் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் நடுத்தர வேகம்தான் மோசம், ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள் அல்லது வியர்த்தபடி வாசியுங்கள். லேப்டாப் சார்ஜரையும் ஒரு டேக்குக்குக் கழற்றிப் பாருங்கள்.

ராத்திரி, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்றால் இன்டர்ஃபேஸில் (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) 'இன்ஸ்ட்ருமென்ட்' சுவிட்சைப் போட்டு நேராகச் சொருகி ஆம்ப் சாஃப்ட்வேரில் வாசிக்கலாம், நியூரல் ஆம்ப் மாடலர் என்ற சாஃப்ட்வேர் இலவசம்தான். ஆனால் கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்து வைத்த கோப்பு) ஒன்றைக் கட்டாயம் ஏற்றுங்கள். நிஜக் கிட்டார் ஸ்பீக்கர் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும், அந்த வடிகட்டல் இல்லாத டிஸ்டார்ஷன் வெறும் ஈ மொய்க்கும் சத்தம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: உங்களுடையது வால்வ் ஆம்ப் (உள்ளே கண்ணாடிக் குழாய்கள் எரிவது) என்றால், சத்தம் வேண்டாமென்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்பீக்கருக்குப் பதில் ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸ் மாட்டியாக வேண்டும். எந்த ஆம்ப், என்ன மைக் என்று கருத்தில் சொல்லுங்கள், மிச்சத்தைப் பேசலாம்.