கார்பனேட் எங்கே போகிறது? உருகிய கார்பனேட் எரிபொருள் மின்கலம்: வாசகர் கேள்வி பதில்

உருகிய கார்பனேட் எரிபொருள் மின்கலத்துக்குப் பிளாட்டினம் தேவையில்லை, நிக்கலே போதும் என்கிறார்கள். பிறகு ஏன் சில ஆண்டுகளிலேயே மின்கல அடுக்கைக் கழற்றி மாற்றுகிறார்கள்?
— வாசகர், திருச்சி

எரிபொருள் மின்கலம் என்பது எரிபொருளை எரிக்காமல், வேதிவினையால் நேராக மின்சாரமாக்கும் கருவி. இந்த வகைக்குப் பிளாட்டினம் வேண்டாம் என்பதற்குக் காரணம், மின்கலம் 650 டிகிரி செல்சியஸில் ஓடுவதுதான். அந்தச் சூட்டில் நிக்கலே வினையூக்கியாகிவிடும். ஆனால் ஆயுளைக் குடிப்பதும் அதே சூடுதான்.

உள்ளே நடப்பது இது. லித்தியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் 62:38 என்ற மோல் விகிதத்தில் கலந்த உப்பு, சுமார் 490 டிகிரியில் உருகிவிடும். அதை லித்தியம் அலுமினேட் என்ற பீங்கான் பொடியால் ஆன மெல்லிய தகடு, பஞ்சு தண்ணீரைப் பிடிப்பதுபோல் தன் நுண்துளைகளில் பிடித்து வைத்திருக்கும். இந்தத் தகட்டை மேட்ரிக்ஸ் என்பார்கள். கேத்தோடு (காற்று வரும் மின்வாய்) பக்கம் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கார்பனேட் அயனியாகின்றன. அது உப்பைக் கடந்து ஆனோடுக்கு (எரிவாயு வரும் மின்வாய்) வந்து, ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவியையும் கார்பன் டை ஆக்ஸைடையும் விட்டுவிட்டு எலக்ட்ரானைத் திருப்பித் தருகிறது.

வினையூக்கி தேய்ந்து நின்றுபோகும் அடுக்குகள் குறைவு. உப்பு வற்றி நிற்பவையும், உள்ளே நிக்கல் படிந்து ஷார்ட் ஆகி நிற்பவையும்தான் அதிகம். 1960-ல் நெதர்லாந்தின் புரூர்ஸ், கெட்டலார் இருவரும் ஆறு மாதம் ஓடிய கார்பனேட் மின்கலத்தைப் பற்றி அறிவித்தபோதே, கேஸ்கெட் (வாயு கசியாமல் அடைக்கும் பட்டை) பொருள்களோடு வினைபுரிந்து உப்பு மெல்லக் காணாமல் போவதைக் குறித்திருந்தார்கள். இன்று 40,000 மணி நேரம் என்ற இலக்கு வைத்து வடிவமைக்கிறார்கள். நோய் என்னவோ அதேதான்.

100 சதுர செ.மீ. பரப்பில் ஒற்றை மின்கலம் செய்யப்போகிறோம். கார்பனேட் எவ்வளவு போட வேண்டும்? ‘கொஞ்சம் அதிகமாகப் போட்டால் தப்பில்லை’ என்று ஒருவர் சொல்கிறார்.
— பொறியியல் மாணவி, சேலம்

தப்புண்டு. அதிகமானால் கேத்தோடின் துளைகள் உப்பில் மூழ்கி ஆக்சிஜன் உள்ளே போக வழியிருக்காது. குறைந்தால் மேட்ரிக்ஸ் வறண்டு இருபக்க வாயுவும் கலக்கும். எனவே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

மேட்ரிக்ஸ் 0.8 மி.மீ. தடிமன், 50% துளை என்றால் 4 கன செ.மீ. இடம். இது முழுக்க நிரம்ப வேண்டும். கேத்தோடு 0.7 மி.மீ., 60% துளை. அதில் கால் பங்கு நிரம்பினால் போதும், சுமார் 1.05 கன செ.மீ. ஆனோடு 0.7 மி.மீ., 55% துளை. ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 0.77. மொத்தம் 5.8 கன செ.மீ. உருகிய உப்பின் அடர்த்தியை 1.95 என்று வைத்தால் ஏறக்குறைய 11.3 கிராம். இதில் லித்தியம் கார்பனேட் 5.3 கிராம், மீதி பொட்டாசியம் கார்பனேட்.

இத்தோடு நிறுத்தினால் சில நூறு மணி நேரத்தில் ஏமாந்துபோவீர்கள். ஆனோடில் 10% குரோமியம் சேர்த்த நிக்கல்தானே போடுகிறீர்கள்? மேற்சொன்ன ஆனோடில் உலோகம் சுமார் 27 கிராம் இருக்கும், அதில் குரோமியம் 2.7 கிராம். அது முழுவதும் லித்தியம் குரோமைட் ஆனால் 1.9 கிராம் லித்தியம் கார்பனேட்டை விழுங்கும். அதாவது நீங்கள் போட்ட லித்தியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அளவு குறைவது ஒருபுறம். 62:38 என்று கலந்தது 51:49-க்கு அருகில் போய் நிற்பது மறுபுறம். நீங்கள் கலந்த உப்பு வேறு, உள்ளே ஓடும் உப்பு வேறு என்றாகிவிடும். இதோடு ஒப்பிட்டால் கேத்தோடின் நிக்கல் ஆக்ஸைடுக்குள் நுழையும் சுமார் 2 மோல் சதவீத லித்தியம் அற்பம், அதற்கு 0.2 கிராம் கார்பனேட் போதும். ஆகவே குரோமியத்துக்கு உரிய லித்தியம் கார்பனேட்டை மட்டும் தனியாகக் கூடுதலாகப் போடுங்கள், கலவையைக் கூட்டாதீர்கள்.

குரோமியமே வேண்டாம் என்று விடவும் முடியாது. வெறும் நிக்கல் பஞ்சு, 650 டிகிரியில் அடுக்கை இறுக்கும் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் தடிமன் குறைந்து துளை அடைபடும். அதைத் தடுக்கத்தான் குரோமியமோ அலுமினியமோ சேர்ப்பது. இப்போது பலர் நிக்கல்-அலுமினியத்தை விரும்புகிறார்கள். ‘5% அலுமினியம்தானே, பாதி லித்தியம் போதும்’ என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினியம் எடை குறைந்த அணு. எடையில் 5% அலுமினியத்திலும் 10% குரோமியத்திலும் அணுக்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். அலுமினாத் துகள் நிக்கல் மணிகளுக்குள்ளேயே பதுங்கியிருப்பதால் உப்பு அதை எளிதில் எட்டுவதில்லை. அலுமினியத்தால் கிடைக்கும் லாபம் அங்கிருந்து வருவது.

எங்கள் சோதனை மின்கலத்தில் சுமையில்லாதபோது 1.04 வோல்ட் இருந்தது, 3,000 மணி நேரத்துக்குப் பின் 0.93-க்கு இறங்கிவிட்டது. மேட்ரிக்ஸ் விரிசலா, நிக்கல் ஷார்ட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஆய்வு மாணவர், சென்னை

பிரித்துப் பார்க்காமலே சொல்லலாம். ஆனோடுக்கு நைட்ரஜன் கலக்காத எரிவாயுவைக் கொடுத்துவிட்டு, அதன் வெளியேற்ற வாயுவை, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃபில் பாருங்கள். கேத்தோடு பக்கத்துக் காற்றின் நைட்ரஜன் அங்கே தலைகாட்டினால் விரிசல், அல்லது உப்பு வற்றிய துளைகள். கேத்தோடு அழுத்தத்தைச் சற்றே கூட்டினால் மின்னழுத்தம் இன்னும் விழும். நைட்ரஜனே இல்லை, அழுத்தத்தைக் கூட்டினாலும் அசையவில்லை, ஆனாலும் மின்னழுத்தம் குறைவு என்றால் நிக்கல் பாலம் கட்டிவிட்டது. கூடவே 1 கிலோ ஹெர்ட்ஸில் உள்தடையையும் அளந்துவிடுங்கள். அது ஏறிக்கொண்டே வந்திருந்தால் உப்பு குறைகிறது.

நிக்கல் பாலம் எப்படி வருகிறது? கேத்தோடின் நிக்கல் ஆக்ஸைடு கார்பன் டை ஆக்ஸைடோடு சேர்ந்து நிக்கல் அயனியாகக் கரைகிறது. அந்த அயனி மேட்ரிக்ஸுக்குள் நகர்ந்து, எதிர்ப்பக்கமிருந்து வரும் ஹைட்ரஜனைச் சந்திக்கும் இடத்தில் உலோக நிக்கலாகப் படிகிறது. படிந்துகொண்டே இருப்பதால் கரைசல் நிறைவதே இல்லை, கரைவதும் நிற்பதில்லை. கார்பன் டை ஆக்ஸைடின் பகுதி அழுத்தம் கூடக் கூட வேகமும் கூடும். அடுக்கை உயர் அழுத்தத்தில் ஓட்டினால் திறன் கூடுமே என்று ஆசைப்பட்டவர்களை அடக்கியது இதுதான்.

மேட்ரிக்ஸைத் தடிமனாக்குவது எளிய மருந்து. ஷார்ட் ஆகும் காலம் ஏறத்தாழத் தடிமனின் இருமடிக்கு ஏற்ப நீள்கிறது; பாதித் தடிமன் என்றால் கால் ஆயுள். ஆனால் தடிமனுக்கு மின்னழுத்தத்தில் விலை கொடுக்க வேண்டும். வழக்கமான மின்னோட்டத்தில் 1.8 மி.மீ. தகட்டைவிட 0.25 மி.மீ. தகடு சுமார் 80 மில்லிவோல்ட் அதிகம் தரும். 0.8 மி.மீ. ஓரளவு நியாயமான பேரம்.

அடுத்தது உப்பை மாற்றுவது. லித்தியம்-சோடியம் கார்பனேட்டில், 52:48 விகிதத்தில், நிக்கல் ஆக்ஸைடு குறைவாகக் கரையும், கடத்துதிறன் அதிகம், ஆவியாவதும் குறைவு. இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் ஏன் மாறவில்லை? அதில் ஆக்சிஜன் கரைவது குறைவு. 600 டிகிரியை ஒட்டிய வாயு நுழைவாயில் மூலைகளில் மின்கலம் சட்டென்று சோர்ந்துவிடும். வெப்பத்தைச் சீராகப் பரப்பத் தெரிந்த அடுக்குக்குத்தான் சோடியம் சரிப்படும். மூன்றாவது, கேத்தோடு துகள்கள்மேல் லித்தியம் கோபால்டைட் பூசுவது, அல்லது மெக்னீசியம் ஆக்ஸைடு சேர்ப்பது. முழு கேத்தோடையும் கோபால்டைட்டில் செய்தால் கடத்துதிறனும் போகும், காசும் போகும். மெல்லிய பூச்சே புத்திசாலித்தனம்.

இருமுனைத் தகட்டுக்கு 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதாதா? ஏன் ஒரு பக்கம் நிக்கல், ஓரத்தில் அலுமினியம் என்று ஒட்டுப்போடுகிறார்கள்?
— ஃபேப்ரிகேஷன் தொழில் செய்பவர், கோவை

இருமுனைத் தகடு என்பது அடுக்கில் ஒரு மின்கலத்தின் ஆனோடையும் அடுத்ததன் கேத்தோடையும் இணைக்கும் உலோகத் தகடு. அந்த ஒரே தகடு மூன்று விதமான எதிரிகளைச் சந்திக்கிறது. ஆனோடு பக்கத்து வாயுவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேகமாக அரிக்கும், நிக்கலோ அங்கே உலோகமாகவே நிலைக்கும். அதனால் சுமார் 50 மைக்ரான் நிக்கல் உறை. கேத்தோடு பக்கம் ஸ்டீலை வெறுமனே விடலாம். அதன்மேல் லித்தியம் ஃபெரைட் போன்ற படலம் வளரும், மின்சாரத்தையும் ஓரளவு விடும். 310எஸ் 316எல்-ஐவிட மெதுவாக அரிக்கும். ஆனால் அந்தப் படலமும் லித்தியத்தைத் தின்றுதான் வளர்கிறது, மறக்க வேண்டாம்.

மோசமான இடம் ஓரம்தான். அங்கே தனி கேஸ்கெட் கிடையாது. உப்பு ஊறிய மேட்ரிக்ஸே தகட்டின் விளிம்பில் அழுந்தி வாயுவை அடைக்கிறது. இதை ஈர சீல் என்பார்கள். ஒரே விளிம்பில் உள்ளே ஹைட்ரஜன், வெளியே ஆக்சிஜன், நடுவே உருகிய உப்பு. உலோகம் தாங்காது. அலுமினியத்தைப் பூசிச் சூட்டில் ஊடுருவ வைத்தால் மேலே லித்தியம் அலுமினேட் படலம் உருவாகிக் காக்கும். அது மின்கடத்தாப் படலம் என்பதால் மின்சாரம் எடுக்கும் நடுப்பரப்புக்கு ஒரு பொட்டுகூடச் சிதறக் கூடாது.

பெரிய அடுக்குகளில் ஒரு முனையில் உள்ள மின்கலங்கள் மட்டும் முதலில் கெடுவது ஏன்?
— வாசகர், மதுரை

நூற்றுக்கணக்கான மின்கலங்களை அடுக்கினால் உச்சிக்கும் அடிக்கும் இடையே 200, 300 வோல்ட் நிற்கும். வெளிப்பக்க மேனிஃபோல்டு (எல்லா மின்கலங்களுக்கும் வாயுவைப் பகிர்ந்து தரும் பெட்டி) வைத்த அடுக்கில், அதை அடைக்கும் பீங்கான் இழை கேஸ்கெட் எல்லா மின்கலங்களின் விளிம்பையும் தொட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. அதில் உப்பு ஊறியதும் அதுவே ஒரு வாய்க்கால். மின்புலம் உப்பை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு மெல்ல இழுத்துச் செல்லும். நேர்முனை மின்கலங்கள் வறளும், எதிர்முனையில் வெள்ளம். நடுவில் இருப்பவை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

உப்பை எளிதில் உறிஞ்சாத சிர்கோனியா ஃபெல்ட், ஓட்டத்தைக் குறுக்கே வெட்டும் அடர்ந்த அலுமினாச் சட்டம், இவை தடுப்பு. இவற்றோடு நேர்முனையில் உப்பு நிறைத்த தடித்த மின்வாயைச் சேமிப்புத் தொட்டியாகவும், எதிர்முனையில் வெற்றுத் துளைகள் கொண்ட மின்வாயை வடிகாலாகவும் வைப்பார்கள். எனக்குக் கேட்டால், புதிய கேத்தோடுப் பொருள் தேடுவதைவிட இந்த கேஸ்கெட்டில் செலவிடும் உழைப்பு அடுக்கின் ஆயுளுக்கு அதிகம் உதவும். ஆய்வுக் கட்டுரை எழுதத்தான் கேஸ்கெட் அழகாக இருக்காது.

கழிவுநீர் நிலைய வாயுவில் ஓட்டலாமா?
— வாசகர், புதுச்சேரி

ஓட்டலாம், ஓட்டுகிறார்கள். கார்பன் டை ஆக்ஸைடு இருப்பது இதற்குத் தொல்லையில்லை. ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்குக் கீழே இறக்க வேண்டும். குளோரைடு வந்தால் உப்பு ஆவியாவது கூடும். ஷாம்பூ, சோப்பிலிருந்து வரும் சிலாக்ஸேன் என்ற சிலிக்கான் சேர்மத்தை எடுக்காவிட்டால் மணலாகப் படியும். மீத்தேனை உள்ளேயே ஹைட்ரஜனாக்கும் வினையூக்கியும் நிக்கல்தான், உப்பின் ஆவி பட்டால் அதுவும் கெடும். அதனால்தான் வேலையில் ஒரு பங்கை, சில மின்கலங்களுக்கு ஒன்றாக இடையில் செருகிய, உப்பே படாத தனித் தகடுகளில் முடித்துவிடுகிறார்கள். மின்கலத்தின் சூட்டையும் அவை உறிஞ்சிக்கொள்ளும்.

முதல் சூடேற்றத்திலேயே எங்கள் மேட்ரிக்ஸ் வெடித்துவிட்டது. என்ன செய்வது?
— கல்லூரிக் குழு, காரைக்குடி

உங்கள் ஊரிலேயே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிறது; இந்த மின்கலத்தின் பொருள்களில் வேலை செய்த ஆய்வகம். நேரில் கேட்கத் தயங்காதீர்கள்.

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். நாடாவாக வார்த்த மேட்ரிக்ஸில் பிசின் இருக்கிறது. 200 முதல் 400 டிகிரிவரை காற்று ஓட்டத்தில், மணிக்கு 15 டிகிரியைத் தாண்டாமல் ஏற்றுங்கள். வேகமாகப் போனால் பிசின் கொப்பளித்துக் கிளம்பும், அல்லது கரியாகத் தங்கும். வெளியேறும் வாயுவில் கார்பன் டை ஆக்ஸைடு நின்ற பிறகே மேலே போங்கள். 450 டிகிரியில் ஆனோடுக்கு நைட்ரஜனில் 4% ஹைட்ரஜன், கேத்தோடுக்குக் காற்றோடு கார்பன் டை ஆக்ஸைடு. அது இல்லாவிட்டால் கார்பனேட் சிதையும்.

பிசின் போய், உப்பு உருகும்போது மின்கலத்தின் உயரம் குறையும். வெறும் போல்ட்டால் இறுக்கியிருந்தால் அந்த நொடியில் பிடி விட்டுப்போகும். சதுர செ.மீ.க்கு சுமார் 2 கிலோ அழுத்தத்தை விடாமல் தொடர்ந்து தரும் ஸ்பிரிங்கையோ, துருத்திபோல் விரியும் பெல்லோஸையோ வையுங்கள். தகட்டில் நீண்ட அலுமினா இழை கொஞ்சம் சேர்த்தால் விரிசல் பரவாமல் நிற்கும். பொடி வாங்கும்போது ஆல்ஃபா வகை லித்தியம் அலுமினேட்டைக் கேளுங்கள். காமா வகை நாளடைவில் ஆல்ஃபாவாக மாறித் துகள் பருத்துத் துளையும் பெரிதாகிவிடும்.

ஒருமுறை ஓடத் தொடங்கியபின் சனி, ஞாயிறு விடுமுறைக்கெல்லாம் அணைக்காதீர்கள். உப்பு உறைந்து உருகும் ஒவ்வொரு தடவையும் மேட்ரிக்ஸுக்கு ஒரு அடி. 550 டிகிரியில், இருபக்கமும் மேற்சொன்ன வாயுக்கள் ஓட, காத்திருக்க விடுங்கள்.