பச்சைக்கு எதிர்ச்சொல் என்ன?

வணக்கம் சேர்,

நான் களுவாஞ்சிகுடி. ஏ.எல். முடித்துவிட்டுப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். ஒத்தசொல், எதிர்ச்சொல் என்று வரிசையாகப் போட்ட ஆங்கிலக் கையேடு ஒன்றை வாங்கி, நாளொன்றுக்கு 20 சொல் பாடமாக்குகிறேன். மூன்று மாதமாகிறது. வினாத்தாளில் கண்டால் அடையாளம் தெரிகிறது. எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை, வந்தாலும் பிழையாக வருகிறது. மாமா கையேட்டைத் தூக்கிப் போடு என்கிறார். போடட்டுமா?

அன்புள்ள தம்பி,

போட வேண்டாம். காசு கொடுத்து வாங்கியது. வினாத்தாளில் அடையாளம் தெரிகிறதே, அது கையேடு தந்ததுதான். ஆனால் அதில் இரண்டு சொல்லுக்கு நடுவே இருக்கும் சமன் குறியை மட்டும் நம்பாதீர்கள்.

நானும் நம்பி மாட்டியவன்தான். ஏ.எல். படிக்கும்போது அதிபரின் பிரியாவிடைக்கு ஆங்கிலத்தில் பேச என்னை விட்டார்கள். 'ஃபேமஸ்' எல்லாருக்கும் தெரிந்த சொல், கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று பட்டியலைப் பார்த்து 'நொட்டோரியஸ்' என்று போட்டேன். அதுவும் பேர் பரவியவரைத்தான் குறிக்கும், ஆனால் கெட்ட பேர். முன்வரிசையில் இருந்த ஆங்கில ரீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிபர் மட்டும் தலையாட்டிக்கொண்டே இருந்தார், பாவம்.

நம் ஊரிலேயே பாருங்கள். வாவி, குளம், தோணா எல்லாம் தண்ணீர்தான். உன்னிச்சைக் குளத்தை யாராவது வாவி என்பார்களா? கல்லடிப் பாலத்துக்குக் கீழே இருக்கும் மட்டக்களப்பு வாவியைக் குளம் என்றால் சின்னப்பிள்ளையும் சிரிக்கும்.

ஆங்கிலத்தில் இப்படி ஒத்தசொற்களின் கூட்டம் பெரிது. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் அள்ளினார்கள். 'ஆஸ்க்' பழைய வீட்டுச் சொல், 'குவெஸ்ச்சன்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டரோகேட்' லத்தீன். மூன்றும் கேட்பதுதான். ஆனால் கடையில் விலை கேட்பதற்கு முதலாவது, பொலிஸில் இருத்திவைத்துக் கேட்பதற்கு மூன்றாவது.

எதிர்ச்சொல் இன்னும் வழுக்கும். பச்சைக்கு எதிர்ச்சொல் என்ன? பச்சையரிசி என்றால் புழுங்கலரிசி. பச்சை மிளகாய் என்றால் செத்தல். பச்சைத்தண்ணி என்றால் சுடுதண்ணி. பச்சை விறகு என்றால் காய்ந்த விறகு. வெறும் பச்சைக்கு என்ன சொல்வீர்கள்? ஆங்கிலத்து 'ஃப்ரெஷ்' இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பாணோடு சேர்ந்தால் அதற்கு எதிர் 'ஸ்டேல்', தண்ணீரோடு சேர்ந்தால் 'சோல்ட்', மீனோடு சேர்ந்தால் 'ஃப்ரோசன்'. கையேடோ 'ஃப்ரெஷ் × ஸ்டேல்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். முன்னால் 'இன்' வந்தாலே எதிர்ச்சொல் என்றும் எண்ணிவிடாதீர்கள். 'ஃபிளேமபிள்' என்றாலும் தீப்பற்றும், 'இன்ஃபிளேமபிள்' என்றாலும் தீப்பற்றும். பெற்றோல் பௌசருக்குப் பக்கத்தில் நின்று சந்தேகம் வரக்கூடாது.

சரி, 20ஐ 5 ஆக்குங்கள். சொல்லைத் தனியே எழுதாமல், அதோடு ஒட்டி வரும் சொல்லையும் சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள்: 'ஸ்டேல் பிரெட்' என்று. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே உள்ள அகராதிகளில் உதாரண வாக்கியம் இருக்கும். பொருளுக்கு முன் அதைப் பாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டைப் பற்றியோ மாமாவைப் பற்றியோ சொந்தமாக ஒரு வாக்கியம்.

மாமா மறுபடி கையேட்டில் கைவைத்தால், பச்சைக்கு எதிர்ச்சொல் கேட்டுப் பாருங்கள்.